பழுப்பு முதலில்

குடோனில் என் வீட்டுக்காரருக்கு ‘லேபிள்’ என்று பெயர். ஸ்டோர் கீப்பர். எது உள்ளே வந்தாலும் பிரிப்பார், டப்பாவில் போடுவார், சீட்டு ஒட்டுவார். அதே குடோனில் நான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினேன். அவருடைய ஒழுங்கைப் பார்த்துச் சொக்கிப்போய்த்தான் கல்யாணமே செய்துகொண்டேன். யாரைக் குற்றம் சொல்வது?

வீட்டில் இரட்டைப் பிள்ளைகள், மூன்று வயது. ஒருவன் பீரோ மேல் இருந்தால் மற்றவன் பீரோவுக்குள் இருப்பான். இன்னொன்று இப்போதைக்கு வேண்டாம் என்று நான் கருத்தடை மாத்திரை சாப்பிட்டு வந்தேன். இரண்டு மாதத்தில் எனக்கு டவர் கிரேன் பயிற்சி தொடங்கவிருந்தது. இருபது மாடி உயரத்தில் ஒரு சின்னக் கண்ணாடி அறை, ‘அம்மா’ என்று கூப்பிட ஆளில்லாத இடம். எட்டு வருடமாக அதற்குத்தான் காத்திருந்தேன். வயிற்றுப் பிள்ளையோடு அந்த ஏணியில் ஏறவிட மாட்டார்கள்.

ஒரு விடுமுறை நாளில் லேபிளுக்குக் கை சும்மா இருக்கவில்லை. நான் பிள்ளைகளுக்கு முடி வெட்டக் கூட்டிப்போன நேரத்தில் சமையலறையை ஒழுங்குபடுத்திவிட்டார். உப்புக்குச் சீட்டு, சர்க்கரைக்குச் சீட்டு, தீப்பெட்டிக்கும் ‘தீப்பெட்டி’ என்று ஒரு சீட்டு. என்னுடைய மூன்று மாத்திரை அட்டைகளையும் உதிர்த்து, வெள்ளையை ஒரு பாட்டிலிலும் பழுப்பை இன்னொரு பாட்டிலிலும் போட்டிருந்தார்.

இனிமேல் மாத்திரை எடுத்துத் தருவது தன் பொறுப்பு என்றார். மனுஷனுக்கு இவ்வளவு அக்கறையா என்று உருகிப்போனேன். காலை ஆறரைக்கு, டீயோடு, நிமிடம் பிசகாமல் மாத்திரை கைக்கு வந்துவிடும். தினமும் பழுப்பாகவே வருகிறதே என்று ஒருநாள் கேட்டேன். எல்லாம் ஒரே அட்டையில் இருந்ததுதானே என்றார். அதற்குள் சின்னவன் பெரியவன் காதில் பட்டாணியைத் திணித்துவிட்டான். நான் ஓடினேன்.

அடுத்த மாதம் டீ வாசனையே குமட்டியது. சோதனைக் குச்சியில் இரண்டு கோடு. குளியலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். எனக்குப் பிள்ளை பிடிக்காமல் இல்லை, அந்தக் கண்ணாடி அறை கைக்கு எட்டி நழுவியதைத்தான் தாங்க முடியவில்லை.

டாக்டரம்மா வரிசையாகக் கேட்டார். மாத்திரை ஒருநாளாவது விட்டுப்போனதா, போட்ட கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுத்தீர்களா, வேறு மருந்து ஏதாவது சாப்பிட்டீர்களா? எதுவும் இல்லை. ஒருநாள்கூடத் தவறவில்லை என்று லேபிள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இரண்டு பாட்டில்களையும் மேஜைமேல் வைத்தார். வெள்ளை பாட்டில் நிறைந்திருந்தது. பழுப்பு காலி. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

“பழுப்பு வெறும் இரும்புச்சத்தும்மா. இருபத்தொரு நாள் வெள்ளை போட்டப்புறம் ஏழு நாள் போடுறது. கர்ப்பத்தைத் தடுக்குற மருந்து வெள்ளையிலதான் இருக்கு. நீங்க மூணு வாரமா இரும்பையே போட்டிருக்கீங்க.”

நான் லேபிளைத் திரும்பிப் பார்த்தேன். குடோனில் புது ஆளுக்குச் சொல்லிக்கொடுக்கும் அதே குரலில், ஆனால் மெதுவாக, விளக்கினார். “எது கொஞ்சமா இருக்கோ அதை முதல்ல காலி பண்ணினா, ஒரு டப்பா மிச்சமாகும்ல?”

என் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்து, இவ்வளவு நல்ல ரத்தத்தைச் சமீபத்தில் பார்த்ததே இல்லை என்று டாக்டரம்மா வேறு பாராட்டினார். வெளியே வரும்போது வராந்தாவில் நாற்காலிகள் கோணல்மாணலாகக் கிடந்தன. லேபிள் ஒன்றைக்கூடத் தொடவில்லை. அப்போதுதான் ஆள் எவ்வளவு நொறுங்கியிருக்கிறார் என்று புரிந்தது. ஆனாலும் வீடு வரைக்கும் திட்டிக்கொண்டேதான் வந்தேன்.

பயிற்சி நிலையத்தில் கெஞ்சிக் கூத்தாடி, அடுத்த வருட அணிக்கு என் இடத்தை மாற்றி வாங்கினேன். மகள் பிறந்தாள். ஆறு மாதம் ஆனதும் பயிற்சிக்குக் கடிதம் வந்தது. மூன்று பிள்ளைகளை யார் பார்ப்பது என்ற கேள்வியை நான் எழுப்பவே இல்லை. அவராகவே சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.

பயிற்சியின் முதல்நாள் காலை ஆறரைக்கு டீ வந்தது. பக்கத்தில் டாக்டரம்மா எழுதிக்கொடுத்த புது மாத்திரை அட்டை, ஒன்றுகூட உதிராமல். அதன்மேல் லேபிளின் கையெழுத்தில் ஒரு சீட்டு: ‘பிரிக்கக் கூடாது.’

முதல் வெள்ளையை நானே எடுத்துப் போட்டுக்கொண்டேன். அவர் இடுப்பிலிருந்து குடோன் சாவிக்கொத்தை அவிழ்த்து என் கையில் வைத்தார். எங்கள் கல்யாணத்தன்றுகூட யாரிடமும் கொடுக்காமல் இடுப்பிலேயே வைத்திருந்த சாவி அது.

“ஒரு வருஷம் லீவு போட்டுட்டேன். போற வழியில குடோன்ல இதை நீயே குடுத்துடு, எனக்குக் கை வராது. நீ மேல ஏறு, இங்க நான் பாத்துக்கிறேன்.”

அன்று மதியம் அந்தக் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்தேன். ‘அம்மா’ என்று யாரும் கூப்பிடவில்லை. சாப்பாட்டுப் பையைத் திறந்தேன். மூன்று டப்பா, மூன்றிலும் சீட்டு. ஒன்று, இரண்டு, மூன்று. வேண்டுமென்றே மூன்றாவதை முதலில் சாப்பிட்டேன்.