கதவு நேரம்

ஆகஸ்ட் 17, ஞாயிறு.

நடந்ததை நடந்த வரிசையில் எழுதினால் போதும் என்பது மாலை எழுத்து வகுப்பு ஆசிரியையின் அறிவுரை. போன செவ்வாய்க்கிழமையை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். வரிசை ஒவ்வொரு முறையும் சரியாகத்தான் வருகிறது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

லெ ஆவ்ர் துறைமுகத்துக்குச் சுற்றுலாக் கப்பல் வரும் நாட்களில் எனக்கு வேலை. கப்பல்காரர்களின் பெரிய பேருந்தில் ஏற விரும்பாத எட்டுப் பேரை என் வண்டியில் ஏற்றி, எத்ரெத்தா, ஃபெக்கான் என்று பிரெஞ்சுக் கடலோர ஊர்களை நாலு மணி நேரத்தில் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடுவேன். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கப்பல் கதவு ஐந்தரைக்கு மூடும் என்றால் பயணிகளிடம் நாலரை என்போம். கழிப்பறை வரிசை, செருப்புக்குள் புகுந்த கூழாங்கல், காணாமல்போன கணவர் எல்லாம் அந்த ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். உண்மையான நேரத்தை ஓட்டுநர்கள் எங்களுக்குள் மட்டும் சொல்லிக்கொள்வோம். அதற்குக் கதவு நேரம் என்று பெயர்.

என் அண்ணன் பஸ்தியானும் இதே வண்டியை இரண்டு கோடைக்காலம் ஓட்டியவன். பிறகு கப்பல் ஒன்றில் கேக் செய்யும் வேலைக்குப் போய்விட்டான். அம்மா இறந்தபோது அவன் நடுக்கடலில் இருந்தான், அடக்கத்துக்கு வரவில்லை. இனி இந்த வீட்டுக்கு வராதே என்று அப்பா தொலைபேசியில் கத்தி நாலு வருடம் ஆகிறது. இப்போது அப்பா ஃபெக்கான் மருத்துவமனையில் இருந்தார். தொண்டையில் புற்றுநோய். குரல் போய், சிலேட்டில் எழுதிப் பேசிக்கொண்டிருந்தார். இரண்டு வாரம் முன்பு அதில், "பஸ்தியான் எப்போது வருவான்?" என்று எழுதிக் காட்டினார். இனி நாட்கணக்குதான் என்று டாக்டர் சொன்ன அன்று அது. பஸ்தியானின் கப்பல் செவ்வாயன்று எங்கள் துறைமுகத்துக்கு வந்தது.

"மூணரைக்கு நான் உள்ள இருக்கணும்" என்று செய்தி அனுப்பியிருந்தான். நான் காகிதத்தை எடுத்து, பயணிகளுக்குப் போடுவதுபோலவே திட்டம் போட்டேன். 11.10 துறைமுக வாயில். 12.00 மருத்துவமனை. 1.30 புறப்பாடு. 2.30 வாயில். யோசித்து எழுதியதாக நினைவில்லை. கை எழுதியது.

வண்டியில் ஏறியதும், "இன்னும் இதே வண்டியா? எறா நாத்தம் போகவே இல்லையே" என்றான்.

"உன் மேல வர்ற வெண்ணெய் நாத்தத்துக்கு இது எவ்வளவோ தேவலை."

மடியில் ஓர் அட்டைப்பெட்டியை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். உள்ளே அவனே செய்த ஆப்பிள் டார்ட். பாதி வழியில் கேட்டான்: "முன்னல்லாம் கத்துவாரு. இப்ப என்ன, பெரிய எழுத்துல எழுதுவாரா?"

சிரித்தோம். அன்று சிரித்தது அது ஒன்றுதான்.

அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். சிலேட்டு போர்வை மேல் கிடந்தது. செவிலி மரிவோன் அம்மா, "பதினொன்றரைக்கு ஊசி போட்டேன். ரெண்டு, ரெண்டேகாலுக்கு முழிச்சுக்குவாரு. இருங்க" என்றார்.

பஸ்தியான் மேல்சட்டையைக் கழற்றாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். அப்பாவின் கையைத் தொடுவதற்கு நீட்டினான். பிறகு போர்வையைச் சரிசெய்தான். ஒன்றரை மணி நேரம் அப்படியே போனது. 1.25க்கு நான் கடிகாரத்தைக் காட்டினேன்.

"முக்கால் மணி நேரம்தானேம்மா" என்றார் மரிவோன். "காலையிலேர்ந்து ரெண்டு தடவ என்னை மணி கேட்டுட்டாரு."

"எத்ரெத்தா பக்கம் ஆகஸ்ட் நெரிசல். கப்பல் நமக்காக நிக்காது" என்றேன். முந்நூறு முறையாவது பயணிகளிடம் சொல்லியிருக்கும் வாக்கியம். பஸ்தியான் டார்ட் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு எழுந்தான்.

சாலையில் நெரிசல் இல்லை. 2.20க்கு வாயிலில் இருந்தோம்.

காவலாளி பஸ்தியானைப் பார்த்துச் சிரித்தார். "என்னப்பா, அடுப்பு மேல அவ்வளவு ஆசையா? உங்க ஆளுங்களுக்கு நாலரை வரைக்கும் நேரம் இருக்கே!"

நான் பஸ்தியானைப் பார்த்தேன். "மூணரைன்னு சொன்ன."

"கதவு நேரம் நாலரை. நீ லேட் பண்ணிடுவியோன்னு ஒரு மணி குறைச்சுச் சொன்னேன்."

"நானும் ஒரு மணி குறைச்சேன்."

அவன் என்னைப் பயணியாக நினைத்தான். நான் அவனைப் பயணியாக நினைத்தேன். இரண்டு ஓட்டுநர்கள், ஒருவர்கூடக் கதவு நேரம் என்ற சொல்லைச் சொல்லவில்லை.

"ஏறு, திரும்பிப் போயிடலாம்" என்றேன்.

"போயி? மறுபடி தூங்கிட்டிருப்பாரு. முதல்ல போன் பண்ணு."

மருத்துவமனையில் யாரும் எடுக்கவில்லை. திரும்பவும் அடித்தேன்.

"ஒன்றரைன்னு காட்டினப்பவே சீக்கிரம்னு தெரியலையா உனக்கு?" என்று கத்தினேன்.

"தெரிஞ்சுது."

"அப்ப ஏன்டா வாயத் திறக்கல?"

"நீ கிளம்பணும்னு சொன்ன. எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு, நினோன். அவரு முழிச்சா என்ன பேசுறதுன்னு எனக்குத் தெரியல."

அதற்கு மேல் நாங்கள் பேசியதை எழுதப் போவதில்லை. எல்லாம் நாலு வருடப் பழசு. பேசியது அரை மணி நேரத்துக்கு மேல் இருக்கும். அந்த நேரத்தில் கிளம்பியிருந்தால் போய் வந்திருக்கலாம்.

3.05க்கு மரிவோன் அழைத்தார். "ரெண்டேகாலுக்கு முழிச்சுட்டாரு. நிமிர்ந்து உக்காந்திருக்காரு. பெட்டியத் திறந்து பாத்துட்டு வாசலையே பாத்துட்டிருக்காரு. வர முடியுமா?"

போக ஐம்பது நிமிடம், வர ஐம்பது நிமிடம். மனக்கணக்கிலேயே தெரிந்தது. பஸ்தியானுக்கும் தெரிந்தது.

"போனை அவர் காதுல வைக்கறேன், பேசுங்க" என்றார்.

பஸ்தியான் என் கைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "அப்பா."

மூச்சுச் சத்தம் கேட்டது. பிறகு சிலேட்டில் சாக்பீஸ் உரசும் சத்தம். மரிவோன் வாசித்தார்: "எங்கே இருக்கிறாய்?"

"துறைமுகத்துல, அப்பா."

உரசல். "கதவு நேரம் என்ன?"

அப்பா முப்பது வருடம் அந்தக் கடலோரச் சாலையில் பேருந்து ஓட்டியவர். எங்கள் சொல் அவருக்குத் தெரியும். பஸ்தியான் என்னைப் பார்த்தான். மூன்றரை என்று சொல்லிவிடு என்று நான் உதடசைத்தேன். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"நாலரை" என்றான்.

உரசல் சத்தம் வரும் என்று காத்திருந்தோம். வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மரிவோன், "சாக்பீஸைக் கீழே வெச்சுட்டாரு" என்றார்.

நாலு மணிக்கு பஸ்தியான் உள்ளே போனான். நான் மட்டும் ஃபெக்கானுக்குத் திரும்பினேன். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். டார்ட்டில் ஒரு முனை உடைந்திருந்தது. அவரால் விழுங்க முடியாது, விரலால் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும். சிலேட்டில் இரண்டு சொல்: நேரம் இருந்ததே.

துடைக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் அப்படியே வைத்துவிட்டு வந்தேன். வியாழன் காலை இறந்துபோனார். அதற்குப் பிறகு எதுவும் எழுதவில்லை என்று மரிவோன் சொன்னார். அடக்கம் வரும் செவ்வாய்க்கிழமை. அன்று பஸ்தியானின் கப்பல் நார்வே பக்கம் போய்க்கொண்டிருக்கும்.

நேற்று இன்னொரு கப்பல் வந்தது. கதவு நேரம் ஆறு. எட்டுப் பேரை ஏற்றினேன். ஒரு பெண்மணி, "அஞ்சு மணிக்குள்ள கட்டாயம் வரணுமா?" என்று கேட்டார்.

"கட்டாயம்" என்றேன்.