ஞாயிறன்று ஏற்றிய பதிப்பு

ஜொகூரில் வெள்ளியும் சனியும் விடுமுறையாக இருந்த கடைசி ஆண்டு அது. சிங்கப்பூரில் எப்போதும்போல் சனி, ஞாயிறு. ஜொகூரின் தம்போயில் லோஷினி வேலை பார்த்த அலுவலகத்துக்கு இது பழகிப்போயிருந்தது. சிங்கப்பூர்க் குழு வெள்ளியன்று ஏற்றி வைக்கும் லைப்ரரியை, அதாவது அவர்கள் எழுதிய நிரல் தொகுப்பை, இவர்கள் ஞாயிறு காலையில் எடுத்துக்கொள்வார்கள்.

கெலாங் பாத்தாவில் ஒரு தனியார் மருத்துவமனை. அங்கே குழந்தைகளுக்கான மருந்தின் அளவைக் காட்டும் செயலி லோஷினி எழுதியது. ஆனால் கணக்கு அவளுடையதல்ல. லைப்ரரியில் ‘நோயாளி’ என்றொரு தாய் வகுப்பு, அதாவது மற்றவை பின்பற்றும் மூல நிரல், உண்டு. அவள் எழுதிய ‘குழந்தை’ அதன் வாரிசு. தாய் எப்படிக் கணக்கிடுகிறதோ, பிள்ளையும் அப்படியே கணக்கிடும். எந்தப் பதிப்பு வேண்டும் என்று குறிக்க வேண்டிய இடத்தில், ‘புதியது எதுவோ அது’ என்று விட்டிருந்தாள்.

ஒரு ஞாயிறு காலை புதிய பதிப்போடு செயலியை மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டு, பசியாறிக்கொண்டே அந்தப் பதிப்பின் மாற்றக் குறிப்பைப் படித்தாள். இதுவரை ஒரு வேளைக்கான அளவைத் தந்த கணக்கு, இனி நாள் முழுவதற்கும் சேர்த்துத் தருமாம். கணக்கின் பெயர் மாறவில்லை. அதனால் பிழை என்று எதுவும் காட்டவில்லை.

அவள் செயலியோ அதை ‘ஒரு வேளைக்கு’ என்றே காட்டும். சிங்கப்பூருக்கு அழைத்தாள், யாரும் எடுக்கவில்லை.

“ஞாயித்துக்கிழமை எவன் லா எடுப்பான்?” என்றான் பக்கத்து மேசைக் குணாளன். “வார்டுக்குக் கூப்பிடு. நான் பழசை ஏத்துறேன்.”

வார்டில் எடுத்தவர் தாதி அமலோற்பவம்.

“சிஸ்டர், திரையில வர்ற அளவைக் கொடுக்காதீங்க. ஒரு நாளைக்கு உள்ளதை ஒரே வேளைக்குக் காட்டுது.”

மறுமுனையில் கோப்பைப் புரட்டும் சத்தம்.

“ஒரு பையனுக்குக் கொடுத்தாச்சும்மா. வலிப்பு மருந்து.”

பிறகு ரிசீவரை மேசையில் வைத்த சத்தம், ஓடும் காலணிச் சத்தம்.

பழைய பதிப்பு ஏறிவிட்டது, இனிச் சரியாகக் காட்டும் என்றான் குணாளன். அடுத்த பிள்ளைக்குச் சரி. இந்தப் பிள்ளைக்கு? காரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

பையனுக்கு ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். மூச்சு மந்தமாகலாம், சாயங்காலம்வரை பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். தாய் ஷர்மினி அவன் பாதத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். லோஷினியை மருத்துவமனை ஆள் என்று நினைத்துவிட்டாள்.

“மிஸ், கூப்பிட்டா கண்ணே தொறக்க மாட்டேங்கிறான். இந்த மருந்து அப்படித்தானா?”

ஆமாம் என்று சொல்லிவிடலாம். நாக்கு அதற்குத்தான் புரண்டது.

“இல்லக்கா. அளவு தப்பு. அதைக் காட்டுற புரோகிராம் நான் எழுதினது.”

ஷர்மினி அவளை ஏசவில்லை. பிள்ளையின் பாதத்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“மூச்சு விடுறானா, பாருங்க.”

இருவரும் குனிந்தார்கள். மார்பு ஏறி இறங்கியது. அடுத்த மூச்சுக்குக் காத்திருந்தார்கள்.