பகலில் ஓடும் மெசின்

நகரின் மறுபக்கம் ரொம்சோஸில் ஒரு கராஜுக்குள் இருந்தவர்கள்: நான், என் மனைவி சாருகா, சென்னையிலிருந்து கணினி வேலைக்கு வந்த நடராஜன், அவர் விற்பதற்காகத் துடைத்து வைத்திருந்த, செங்குத்தாகத் துளை போடும் இரண்டு ட்ரில் பிரஸ் மெசின்கள்.

ஒன்று என் தோளளவு உயரம், தரையில் நிற்பது. மற்றது மேசையில் வைப்பது. ஹொல்ம்லியாவில் எங்கள் கட்டடத்தின் கீழறையில் எனக்கொரு தச்சுமேசை உண்டு. கைட்ரில்லில் போடும் துளை எப்போதும் சரிந்துதான் விழும்.

"பெருசையே எடுத்துக்கங்க சார். இரும்பையே துளைக்கும்," என்றார் நடராஜன்.

"இவர் துளைக்கப்போறது அலுமாரிப் பலகை," என்றாள் சாருகா. "கப்பல் இல்லை."

பெரியதன் துளையூசியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். மயிரளவு ஆடியது. சின்னதில் ஆட்டமே இல்லை. ஓடவிட்டேன். சத்தம் கூரையில் அடித்தது.

"அபார்ட்மென்ட்ல விடுவாங்களா சார்?"

"காலமை எட்டிலையிருந்து பின்னேரம் எட்டு மட்டும் விடுவினம்."

யோசிக்காமல் சொல்லிவிட்டேன். சாருகாவுக்குத் தெரிந்தவரை, பதினொரு வருடமாக முதியோர் இல்லத்தில் இரவு வேலை செய்பவன் நான். பகலில் தூங்குகிறவன்.

சாருகா மெசினை நிறுத்தினாள். "அப்ப எப்ப படுக்கப்போறியள்?"

வேலையை விட்டு மூன்று கிழமை. அவளிடம் சொல்லவில்லை. தினமும் இரவு சாப்பாட்டுப் பெட்டியோடு கிளம்பி, கீழறைக் கதிரையில் விடியும்வரை இருந்தேன். அதற்கு முன் இல்லத்தில் ஒரு விடியற்காலை, ஒரு கிழவருக்கு மாத்திரை கொடுத்தேனா இல்லையா என்று எனக்கு நினைவில்லாமல் போயிற்று. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. வேலையை விட எனக்கு அது போதும்.

"வேலையை விட்டிட்டன்."

நடராஜன் குனிந்து வயரைச் சுற்றத் தொடங்கினார். அவ்வளவு கவனமாக யாரும் வயர் சுற்றி நான் பார்த்ததில்லை.

"வேலைக்குப் போகேல்லை எண்டு தெரியும்," என்றாள். "வெளியிலை முழங்கால் மட்டும் சினோ கொட்டிக் கிடக்கு. விடிய வரேக்கை உங்கடை சப்பாத்து காய்ஞ்சு கிடக்கு. கட்டடத்துக்குள்ளையே ஆரோ ஒருத்தி எண்டு நினைச்சன். மூண்டாம் மாடிப் பொம்பிளையளை எல்லாம் முறைச்சுக்கொண்டு திரிஞ்சனான்."

"கீழறையிலை இருந்தனான்."

"தனியவோ?"

"ஓம். பலகையளோடை."

அவள் வாயைப் பொத்தினாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"விசரன்," என்றாள். பிறகு நடராஜனைப் பார்த்து, "அண்ணை, சின்னதைத் தாங்கோ."

காசைக் கொடுத்துவிட்டு, நானும் அவளும் ஆளுக்கொரு பக்கம் தூக்கினோம். அவள் பின்பக்கமாக நடந்து வெளியே வந்தாள். மத்தியான வெயில் பனியில் பட்டுக் கண் கூசியது.

"வழுக்கும், பாத்து மேடம்," என்றார் நடராஜன். எங்களுக்குப் பின்னால் கராஜ் கதவு இறங்கியது.