சுத்தமா எடுங்க

டீக்கடைக்காரர் கெட்டிலைச் சாய்க்கும்போது லிப்ட்காரர் வாயைத் திறப்பதில்லை. கிளாசுக்கு மேல் உள்ளங்கையைக் காட்டுவார், அவ்வளவுதான். ‘போதும்’ என்ற சொல் தப்பித்தவறி வாயிலிருந்து விழுந்துவிட்டால் தீர்ந்தது கதை. பெஞ்சில் இருக்கிற நாலு பேரும் ஒரே குரலில் “போதும்டா! கதவைத் திற!” என்று கத்துவார்கள். ஒருத்தன் மேஜையில் தாளம் போடுவான். சம்பந்தி வீட்டுக்குப் போனபோதும் இதே பாடுதான். கரண்டியோடு நின்ற சம்பந்தியம்மாவிடம் போதும் என்று சொல்லப் பயந்து, தட்டில் குவித்ததையெல்லாம் தின்றுவிட்டு, இரண்டு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்.

எழுபத்திரண்டு வயது மனுஷனிடமிருந்து ஒரு சொல்லைப் பிடுங்கிவிட்டார்கள். பிடுங்கியது செத்துப்போன மகனின் பாட்டு.

மகன் ராப் பாடுகிறவன். மூச்சு விடாமல் பேசுவதையே பாட்டு என்று சொல்லி ஊரை நம்பவைக்கிற தொழில் என்றுதான் லிப்ட்காரர் அதைப் புரிந்துவைத்திருந்தார். கரகரத்த குரல் என்பதால் ஊர் அவனுக்கு வைத்த பேர் தகரம். நாலு வருஷத்துக்கு முன்னால், மேடைக்குக் கிளம்பிச் சட்டை மாட்டிக்கொண்டிருக்கும்போதே தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்து விழுந்தான். இருபத்தொன்பது வயது. விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. அவன் பாட்டுகளைத்தான் எழுப்பி உட்காரவைத்துக்கொண்டே இருந்தார்கள்.

அதற்குப் பேர் ரீமிக்ஸ். கோழியை உரிப்பதுபோல் பழைய பாட்டிலிருந்து குரலை உரித்து, வேறு தாளத்தைப் போர்த்தி, புதிய ஆல்பம் என்று வெளியே விடுவது. செத்த ஒரு வருஷத்தில் முதல் ஆல்பம். மூன்றாம் வருஷம் இரண்டாவது. இதோ, வருகிற வெள்ளிக்கிழமை மூன்றாவது. உயிரோடு இருந்த காலத்தில் அவன் போட்டது ஒன்றே ஒன்று.

“உசிரோட இருந்தப்போ சோம்பேறி. செத்த பிறகுதான் பய சுறுசுறுப்பாயிட்டான்” என்று லிப்ட்காரர் ஒருமுறை மகளிடம் சொன்னார். மகள் சிரிக்கவில்லை. சொல்லி முடித்த பிறகு அவருக்கும் சிரிப்பு வரவில்லை.

அவன் போட்ட அந்த ஒரு ஆல்பத்தில் எல்லோருக்கும் மனப்பாடமான பாட்டு அப்பாவின் லிப்டைப் பற்றியது.

*எட்டுப் பேரு பெட்டிக்குள்ள எங்கப்பன் ஒன்பது,*
*ஏறி ஏறி எறங்கியும் எங்க அவன் போனது?*

பெற்ற அப்பனை ஊரறிய ‘அவன்’ என்று பாடிவிட்டானே என்று அவருக்கு அப்போது கோபம். பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் முப்பத்தொரு வருஷம் ஸ்டூலில் உட்கார்ந்து லிப்ட் ஓட்டியவர் அவர். எட்டுப் பேர் ஏறியதும் கையைக் குறுக்கே நீட்டி “போதும்!” என்பார். அந்த அதட்டலுக்கு முதலாளியே ஒரு அடி பின்னால் போவார்.

பாட்டை மகன் பதிவு செய்தது வீட்டுத் துணி அலமாரிக்குள். துணிகளுக்கு நடுவில் நின்றால் எதிரொலி வராதாம். உள்ளே புகுந்து, கதவைச் சாத்திக்கொண்டு, செல்போனை வாய்க்கருகே பிடித்துக்கொண்டு பாடுவான். அப்பாவின் யூனிபாரம் சட்டைகளும் அதே அலமாரியில்தான் தொங்கின. டூட்டிக்கு நேரமாகிவிட்ட ஒரு காலையில் அவர் பனியனோடு நின்று அலமாரியைக் குத்தினார்: “போதும்டா! கதவைத் திற!” அதுவும் பதிவாகிவிட்டது. மகன் அதை அழிக்காமல் பாட்டிலேயே விட்டுவிட்டான். எங்கோ பின்னால், லேசாகக் கேட்கும்.

முதல் ரீமிக்ஸ் ஆல்பத்திலும் அது வந்தபோது அவருக்குப் பொறுக்கவில்லை. பிள்ளை போன பிறகும் அவன் பாட்டுக்குள் நின்றுகொண்டு அவனை அதட்டிக்கொண்டே இருப்பதா? கம்பெனி மேனேஜருக்குப் போன் போட்டுச் சொன்னார். மேனேஜர் தேனாகப் பேசினார். ஒரு காகிதமும் வந்தது. லிப்ட்காரர் கையெழுத்துப் போட்டார். அதற்கப்புறம் வந்த இரண்டாவது ஆல்பத்தில், பின்னால் நின்றுகொண்டிருந்த அவர் குரல் முன்னால் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. ஒரே பாட்டில் பதினான்கு முறை.

சண்டைக்குப் போனவருக்கு மேனேஜர் அந்தப் போன் பேச்சையே போட்டுக்காட்டினார்.

“அந்தப் பாட்டுல என் குரல் வருதில்ல, அதை எடுங்க. நல்லா எடுங்க. சுத்தமா எடுங்க.”

“சுத்தமாத்தானே எடுத்திருக்கோம் பெரியவரே? ஒரு இரைச்சல் இருக்கா, நீங்களே சொல்லுங்க” என்றார் மேனேஜர்.

இவர் நீக்கச் சொன்னார். அவர்கள் எடுத்துப் பயன்படுத்தச் சொன்னதாக வைத்துக்கொண்டார்கள். நிஜமாகவே புரியாமல் செய்தார்களா, புரிந்துதான் செய்தார்களா என்று அவருக்கு இன்றைக்கும் சந்தேகம். குரலை நீக்கத்தான் என்று நினைத்து அவர் கையெழுத்திட்ட காகிதம், குரலைப் போட்டுக்கொள்ளலாம் என்கிற சம்மதக் காகிதம்.

“யார்கிட்டயாவது படிக்கச் சொல்லிக் கேட்டுட்டுப் போட்டிருக்கலாம்ல அப்பா?” என்றாள் மகள்.

“யார்கிட்ட? நீ ஆபீஸ் போயிட்டே. உன் தம்பி ஒரேயடியாப் போயிட்டான்.”

மகள் செல்போனைப் பார்த்துச் சொன்னாள்: “மூணாவது ஆல்பத்துல எட்டுப் பாட்டாம். எட்டுலயும் நீங்கதான்.”

“எட்டுலயுமா?”

“எட்டுலயும். பெட்டி ஃபுல்லு.”

புதன்கிழமை மத்தியானம் அவர் ஸ்டூடியோவுக்குக் கிளம்பினார். வழியெல்லாம் ஒரே சொல்லை மனசுக்குள் உருட்டிக்கொண்டே போனார். எடு இல்லை. நீக்கு. நீக்கு. நீக்கு.

ஸ்டூடியோ தரைக்குக் கீழே இருந்தது. ஜன்னல் கிடையாது. சுவரெல்லாம் பள்ளமும் மேடுமாகக் கறுப்புப் பஞ்சு. பாட்டைக் கலக்குகிற சவுண்ட் இன்ஜினியர் ஒரு பெண், முப்பத்தைந்து வயது இருக்கும். அவரைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

“ஐயா, நீங்களா! உங்க குரலோடதான் ஒரு மாசமா குடும்பம் நடத்திட்டிருக்கேன்.”

“அந்தக் குடும்பத்தைப் பிரிச்சுவிடத்தாம்மா வந்திருக்கேன். நீக்கு. என் குரலை நீக்கு. எடுன்னு நான் சொல்லலை. நீக்குன்னு சொல்றேன், காதுல விழுதா?”

“விழுது, விழுது. உக்காருங்க முதல்ல.” அவள் யோசித்தாள். “சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஆல்பம் இங்கிருந்து போயிடும். அதுவரைக்கும் என் கையிலதான். குரலைப் போடலாம்னுதான் காகிதத்துல இருக்கு, போட்டே தீரணும்னு இல்லை. மேனேஜர் கத்துவாரு, கத்தட்டும். ஆனா நீக்கினா எப்படி இருக்கும்னு ஒரு தடவை கேட்டுடுங்க. அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக்கூடாது.”

“கேக்க என்ன இருக்கு?”

“உங்க பையன் அலமாரிக்குள்ள போன்ல பதிஞ்சது இல்லையா? சின்னச் சின்னச் சத்தமெல்லாம் அந்த ரூமுக்குள்ள ஹெட்போன் மாட்டினாத்தான் தெரியும்.”

அந்த ரூம் என்றால் பாடுகிறவர்கள் நிற்கிற கண்ணாடிப் பெட்டி. லிப்ட்காரர் வாசலிலேயே நின்று அளந்தார். எட்டுப் பேர் கொள்ளாது. மூன்று பேர், நெருக்கினால் நாலு. கதவு ஒரு ஜாண் கனம். அவள் ஹெட்போனைத் தலையில் மாட்டி, முன்னால் இருந்த மைக்கைக் காட்டினாள். “என்கிட்ட ஏதாவது சொல்லணும்னா இதுல சொல்லுங்க. வெளிய வேற வழியில கேக்காது.” கதவு மூடிக்கொண்டது. மூடின மாத்திரத்தில் உலகம் செத்த மாதிரி இருந்தது. அவர் மூச்சு அவருக்கே பக்கத்தில் யாரோ விடுவதுபோல் கேட்டது.

முதலில் மகன் வந்தான். தாளம் இல்லை, ஒன்றும் இல்லை, வெறும் மகன். *எட்டுப் பேரு பெட்டிக்குள்ள.* வரிக்கு வரி எச்சில் விழுங்குவதுகூடக் கேட்டது. இரண்டாவது அடி முடிந்தது. வழக்கமாக இங்கேதான் அவர் வந்து கத்துவார். லிப்ட்காரர் தோளைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தார்.

அவர் வரவில்லை. அந்தப் பெண் நிஜமாகவே நீக்கியிருந்தாள்.

அந்த இடத்தில் ஹேங்கர்கள் கம்பியில் உரசுகிற சத்தம் வந்தது. துணி சரசரத்தது. இத்தனை வருஷமும் அவர் அதட்டலுக்கு அடியில் அமுங்கிக்கிடந்த ஒரு சின்னக் குரல், பாட்டுக்குரல் இல்லை, வீட்டில் பேசுகிற குரல், சொன்னது:

“இதோப்பா, சட்டையைத் தரேன். இருங்க.”

“சட்டை கெடக்கட்டும்டா” என்றார் லிப்ட்காரர். “நீ பாடு.”

பாட்டு ஓடி முடிந்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் மைக்குக்கு மேல் ஒரு சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருப்பதைப் பார்த்தார். எப்போதிலிருந்து எரிகிறது? நாலாவது ஆல்பம் கண் முன்னால் வந்து நின்றது. ‘நீ பாடு’ பதினான்கு முறை. டீக்கடையில், பஸ்சில், சம்பந்தி வீட்டில். ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டுக் கதவுக்குப் போனார். அது அவருக்குத் தெரிந்த கைப்பிடி இல்லை. இழுத்தார், தள்ளினார், மேலே தூக்கினார். ஊராருக்கெல்லாம் முப்பத்தொரு வருஷம் கதவு திறந்துவிட்ட கைக்கு அது மசியவில்லை. முஷ்டியால் குத்தினார். பஞ்சைக் குத்துவதுபோல் இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் குனிந்து எதையோ திருகிக்கொண்டிருந்தாள். தொண்டை வரைக்கும் வந்துவிட்டது, ‘கதவைத் திற’. அதையும் இந்த விளக்கு தின்றுவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கத்தாமல் குத்தினார்.

அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு ஓடிவந்து திறந்தாள். அவள் கண்ணும் சிவந்திருந்தது.

“ஐயா, நீங்க கடைசியா சொன்னீங்களே... அது பதிவாயிருக்கு. எப்பவும் ஓடவிட்டுடுவேன், பழக்கம். நான் அதை எடுத்...”

“அந்தச் சொல்லைச் சொல்லாதே!”

லிப்ட்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

“என் அதட்டலை நீக்க வேணாம்” என்றார். “அது இருக்கட்டும்.”

“எட்டுப் பாட்டுலயுமா?”

“எட்டுலயும். நான் கூப்பிடலைன்னா அவன் யாருக்கும்மா பதில் சொல்றான்? ஆளில்லாத இடத்துல நின்னு பேசற மாதிரி இருக்கு.”

“அது இருந்தா அவர் பதில் சொல்றது கேக்காதுங்கய்யா. மூடிடும்.”

“மூடட்டும். இருக்குன்னு எனக்குத் தெரியும். உனக்குத் தெரியும். ஊருக்கு எதுக்கு?” அவர் விரலை நீட்டினார். “ஆனா நான் இப்ப உள்ள நின்னு சொன்னது இருக்கே, அதை அழி. எடுக்காதே. நீக்காதே. அழி.”

அவள் திரையில் ஒரு பச்சை நெளிவைக் காட்டினாள். ஒரு பொத்தானை அழுத்தினாள். நெளிவு காணாமல் போனது.

“போயிடுச்சா?”

“போயிடுச்சுங்கய்யா.”

“வேற எங்கயும் ஒட்டிட்டு இல்லையே?”

“இல்லை. நம்புங்க.”

நம்புவதா? திரையில் ஒரு கோடு மறைந்தால் உலகத்திலிருந்தே மறைந்துவிட்டதென்று அவருக்கு எப்படித் தெரியும்? மேனேஜரும் நம்புங்க என்றுதான் சொன்னார். கொஞ்ச நேரம் அந்தக் காலித் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, பார்ப்பதால் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று படி ஏறினார்.

வெள்ளிக்கிழமை காலையே டீக்கடையில் புது ஆல்பம் ஓடியது. பெஞ்சில் இருந்தவர்கள் அவரைப் பார்த்ததும் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். டீக்கடைக்காரர் கெட்டிலோடு வந்தார். சரியாக அந்த நேரத்தில் இரண்டாவது அடி முடிந்தது.

“போதும்டா! கதவைத் திற!” என்று ஸ்பீக்கரும் பெஞ்சும் சேர்ந்து கத்தின.

லிப்ட்காரர் வழக்கம்போல் முகத்தைச் சுளிக்கவில்லை. தலையைச் சாய்த்து, தன் குரலுக்கு அடியில் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார். உள்ளங்கையைக் காட்ட மறந்துபோனார். டீ கிளாசை நிரப்பி, வழிந்து, விரலைச் சுட்டுத் தரையில் சொட்டியது.

“என்ன பெரியவரே, கை வேகுதே! போதும்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?”

“இரு” என்றார் அவர், காதைத் திருப்பாமல். “அவன் பேசிட்டிருக்கான்.”