இதழ் மூடி நின்ற சொல்

கீழைவானின் விளிம்பில் செவ்வொளி கசிந்து, ஆற்றின்மேல் படிந்த பனிப்படலம் நீர்ப்பறவைகளின் சிறகடிப்பில் கிழிந்து கிழிந்து மீண்டும் கூடும் விடியற்பொழுதில், அவ்வாற்றங்கரை நகரின் வடபால் நீண்டு கிடந்த பட்டறைத் தெரு, ஏனைத் தெருக்கள் கண்விழிக்கும் முன்னரே ஒலியால் விழித்துக்கொள்ளும். உலைவாயில் நெருப்புச் சிவக்க, கொதிகலங்களின் உள்ளும் புறமும் நின்று ஆடவர் சம்மட்டி ஓங்க, இரும்பு இரும்பொடு பொருதெழுப்பும் பேரோசை, மலையில் மோதி மீளும் இடியென இருமருங்குச் சுவர்களிலும் மோதி மீளும். அத்தெருவில் உரக்கப் பேசுவோரைச் சண்டையிடுவோர் என்று எவரும் எண்ணார். யாரேனும் மெல்லப் பேசினால்தான், என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்ப்பர்.

கற்றறிந்தீர், அத்தகைய கொதிகலம் ஒன்றின் வயிற்றுக்குள் அமர்ந்து, வெளியிலிருந்து அறையப்படும் ஆணிகளுக்கு உள்ளிருந்து முட்டுக்கொடுக்கும் தொழிலில் இளமையெல்லாம் கழித்தவர் ஒருவர் இருந்தார். ஓசை அவர் செவியை ஒரே நாளில் பறித்துவிடவில்லை. கரையை அரிக்கும் ஆறுபோல, முதலில் குருவிகளின் குரலையும், பின்னர் கொதிக்கும் நீரின் முணுமுணுப்பையும், இறுதியில் மனைவியின் பேச்சையும் அது கொண்டுசென்றது. அம்மனைவியோ துணிக்கடையில் விற்பனை செய்பவள். வாங்க வந்தவர் வேண்டாமென்று சொல்ல வாய் திறப்பதற்குள் துணியைக் கிழித்து மடித்துக் கையில் கொடுத்துவிடும் சொல்விரைவு உடையவள். தெருவார் அவளுக்கு இட்ட பெயர் அருவி. அவ்வருவியின் ஒலியில் மயங்கி அவளை மணந்தவர், இப்போது அவள் வாய் அசைவதை மட்டும் கண்டு, எதற்கும் தலையசைத்துப் புன்னகைக்கப் பழகியிருந்தார். கேளாமையை ஒப்புக்கொள்வதினும் உடன்பட்டுவிடுவது அவருக்கு எளிதாயிருந்தது. எழுதிக் காட்டினாலோ, "வீட்டுக்குள்ளயே எனக்குத் தபால் போடறீங்களா?" என்று தாளைத் தள்ளிவிட்டு எழுந்து செல்வார்.

நிலம் அளக்கும் கலை பயின்ற ஒரே மகளே அவருக்குச் செவியாயிருந்தாள். வந்தவர் சொன்னதையெல்லாம் சுருக்கி, அவர் காதருகே ஓரிரு சொல்லாய் உரக்கக் கூறுவாள். அவளைத் தொலைவிலுள்ள மலைநாட்டில், பேராறு ஒன்றின் குறுக்கே எழவிருந்த பாலத்தின் பணிக்கு அழைத்தனர். உண்ணும்போது அவள், "எனக்குப் போக விருப்பமில்லப்பா, வேற ஆளைப் பாத்துக்கட்டும்" என்று விரைந்து சொன்னாள். தாய் உள்ளூர மகிழ்ந்தாள். தந்தை வழக்கம்போல் தலையசைத்து, நீர்க்குவளையை மகளின் பக்கம் நகர்த்தினார்.

பட்டறைத் தோழர் ஒருவர் அவர் செவியில் வாய்வைத்துக் கூவியபோதுதான் செய்தி அவரை எட்டியது. "உன் பொண்ணு அவ்வளவு பெரிய வேலையை வேணாம்னுட்டாளாமே! நீயும் சரின்னுட்டியாமே!"

சினந்து சிவந்து வீடு வந்தார். "யாரைக் கேட்டு இதை முடிவு பண்ணீங்க?"

"உங்களைக் கேட்டுத்தான்ப்பா," என்றாள் மகள், காதருகே குரல் உயர்த்தி. "தலையாட்டினீங்களே!"

சூடேறிய தகட்டின்மேல் நீர் வீழ்ந்தாற்போல அவர் வெகுளி ஒரு நொடியில் அடங்கிற்று. நாற்காலியில் அமர்ந்து, "இதுவரைக்கும் இன்னும் எதுக்கெல்லாம் தலையாட்டியிருக்கேன்?" என்று வினவினார். தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர்.

அதுகாறும் மருத்துவமனையென்றாலே முகம் திருப்பிக்கொண்டவர், மறுநாள் தாமே மனைவியை அழைத்துக்கொண்டு சென்றார். செவிநலப் பிரிவில் பேச்சுப் பயிற்சி அளிக்கும் பெண் அவரை ஆய்ந்து பார்த்தபின், அருவியை நோக்கிச் சொன்னாள்: "கத்தாதீங்க அக்கா. கத்தினா முகம் கோணும், கோணின முகத்துல அவரால சொல்லைத் தேட முடியாது. வெளிச்சத்துல எதிர்ல உக்காந்து, அசை அசையாப் பிரிச்சு, எழுத்தை முழுங்காமச் சொல்லுங்க. ரொம்ப இழுக்கவும் வேணாம்."

எழுத்தை விழுங்கியே வயிறு நிறைந்தவள் அருவி. நடக்கப் பழகும் குழவிபோல ஒவ்வோர் அசையாய்க் கால்வைத்து, தடுமாறி, பின்னும் எழுந்து, ஈற்றில் பொறுமையிழந்து அவள் கணவரை நோக்கிச் சொன்னாள்: "இப்–படிப் பே–சினா என்–னால சண்–டையே போ–ட முடி–யாது!"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "புரிஞ்சுது!" என்றார். எத்தனையோ ஆண்டுகளாய் அவள் சொன்னவற்றுள் அவரை முழுதாய்ச் சென்றடைந்த முதல் சொற்றொடர் அது.

அன்று மாலை, மேலைச் சாளரத்தின் ஒளி நேரே விழும் இடத்தில் மகளை அமர்த்தி, எதிரே தாம் அமர்ந்தார். "அன்னிக்குச் சாப்பிடறப்போ சொன்னியே, அதை இப்பச் சொல்லு. என் முகத்தைப் பாத்துச் சொல்லு."

அவள் தாயிடம் கண்டறிந்தவாறே சொற்களைப் பிரித்துத் தொடங்கினாள். "எனக்–குப் போ–க விருப்–பம்…"

'ம்' என்னும் மெய்யெழுத்தில் மூடிய இதழ்கள் மீளத் திறக்கவில்லை. விரைந்து மொழிந்த நாளில், 'இல்லை' என்பது முன்நின்ற சொல்லோடு ஒட்டிக்கொண்டு, வெள்ளத்தோடு வரும் துரும்புபோலத் தானே வந்துவிட்டது. இன்றோ அதனைத் தனியே, தன் வலிமையால், தந்தையின் விழிகளுக்கு நேரே எடுத்து வைக்க வேண்டியிருந்தது. ஆறும் மலையும், இன்னும் எழாத பாலமும் நெஞ்சுள் நிற்க, அவளால் அது கூடவில்லை. கண்கள் நிரம்பின.

தந்தை காத்திருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "போக விருப்பம். அவ்வளவுதான் நான் பாத்தேன். தெரிஞ்சே தலையாட்டறேன், போயிட்டு வா."

அருவி கரையுடைத்தாள். ஏதேதோ படபடவெனப் பொழிந்தவளை அவர் கையமர்த்தி, "மெல்ல" என்றார். அவள் மூச்சிழுத்து, "அவ போ–யிட்–டா உங்–களுக்–கு யா–ரு சொல்–லுவா?" என்றாள்.

"நீதான். இப்பச் சொன்னியே."

மகள் புறப்பட்ட நாளில் தொடர்வண்டி நிலையம் கூவலும் உருளொலியும் கலந்து கொந்தளித்தது. கண்ணாடிச் சாளரத்தின் அப்பாலிருந்து அவள் ஏதோ சொன்னாள். அங்கு நின்றோர் எவர்க்கும் ஒன்றும் கேட்கவில்லை. வண்டி நகர்ந்து மறைந்தபின், அருவி கணவரின் கையைப் பற்றித் தன்பால் திருப்பி, "என்–ன சொன்–னா?" என்று கேட்டாள்.

"பாத்துக்கோங்கன்னு சொன்னா. அம்மாவையா, அப்பாவையான்னு தெரியல. உதடு ரெண்டுக்கும் ஒரே மாதிரிதான் மூடித் திறக்குது."

அவள் கண்களைத் துடைத்துக்கொண்டு, முகத்தை ஒளிக்கு நேரே உயர்த்தி, ஓரெழுத்தும் சிதையாமல் சொன்னாள்: "ரெண்–டு பே–ரையும்–தான்."

போன செவி மீளவில்லை. மகளில்லாத வீடு முன்போல் ஆரவாரிக்கவுமில்லை. விரைந்து சொல்லுங்கால் நாம் சொல்வது நமக்கே கேட்பதில்லை என்பதைத் தாயும் மகளும் பிந்தித்தான் அறிந்தனர். ஆயினும், பட்டறைகள் ஓய்ந்து, ஆற்றின்மேல் இருள் கவியும் மாலைதோறும், ஒரு விளக்கின்கீழ் எதிரெதிர் அமர்ந்து, அரிசியில் கல் பொறுக்குவார்போல ஒவ்வொரு சொல்லையும் தேர்ந்தெடுத்து, அருவி சொல்வாள். அவர் அவள் முகத்தையே பார்த்திருப்பார். மணந்த நாளுக்குப் பின் அவ்வளவு நேரம் அவர் அவள் முகத்தைப் பார்த்ததில்லை.