அவள் முதலில் சாப்பிடும் கதை

1

சிவசங்கரியின் கோபத்தில்தான் இந்தக் கதை பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சிவசங்கரி என் மனைவி. ஆறு வருடம் முன்பு வரை நான் எழுதும் எதையும் முதலில் படிப்பவளும் அவள்தான். அந்தச் சமயத்தில் ஒரு பத்திரிகையில் என் கதை வந்தது. அதில் ஒரு பெண் வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, சட்டியின் அடியில் ஒட்டியதை வழித்துச் சாப்பிடுவாள். அந்த இடத்தை மிகவும் உருகி எழுதியிருந்தேன். நாலு பேர் போன் செய்து பாராட்டினார்கள்.

சிவசங்கரி படித்து முடித்துப் பத்திரிகையை மூடினாள்.

"இவ ஏன் கடைசியா சாப்புடுறா?" என்று கேட்டாள்.

"அப்படித்தானே நடக்குது," என்றேன்.

"நடக்குறது இருக்கட்டும். இது நீங்க எழுதுனதுதானே? ஒரு வரிய மாத்தி அவள மொதல்ல சாப்புட வச்சிருக்கலாம். உங்களுக்கு மனசு வரல."

அதன் பிறகு அவள் என் கதை எதையும் படிக்கவில்லை. எனக்கு வேறு வாசகர்கள் இருக்கிறார்கள். இருந்தாலும் ஆறு வருடமாக ஒவ்வொரு கதையையும் மேசையில் அவள் கண்ணில் படும்படி வைத்துக்கொண்டிருக்கிறேன்.

2

இப்படித் தொடங்கலாம் என்று நினைத்தேன்:

விருத்தாசலத்தின் மீது மெல்ல விடிந்துகொண்டிருந்தது. மணிமுத்தாற்றின் மணலில்

(வேண்டாம். ஆற்றுக்கும் சாண்ட்விச்சுக்கும் சம்பந்தமில்லை.)

ரொட்டி என்பது நம்மிடையே காய்ச்சல்காரர்களின் உணவாகவே நெடுங்காலம்

(இதை நானே இரண்டாவது முறை படிக்கமாட்டேன்.)

நேராகவே சொல்கிறேன். சிவசங்கரி திட்டக்குடியில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். காலை ஏழு பத்துக்கு விருத்தாசலம் பாலக்கரையில் பஸ் ஏறுவாள். அவள் பிரிவில் புதன்கிழமை மனு வாங்கும் நாள். அன்று கை கழுவி, உட்கார்ந்து, சோறு பிசைந்து சாப்பிட நேரம் இருக்காது. டப்பா போனபடியே திரும்பி வரும். ஆவணியில் ஒரு புதன்கிழமை வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். வயிற்றில் புண் என்றார் டாக்டர். மதியம் பட்டினி கிடக்கவே கூடாது என்றார்.

ஒற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் மனு வாங்கிக்கொண்டே சாப்பிடுகிற மாதிரி ஒன்று வேண்டும். யோசித்துப் பார்த்து, சாண்ட்விச் என்று முடிவு செய்தேன்.

"இனிமே புதன்கிழமை டப்பா என் பொறுப்பு," என்றேன்.

"நீங்க கதையிலதான சமைப்பீங்க," என்று சிரித்தாள். சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "சரி. என்னைக்கு அந்த டப்பா காலியாகுதோ அன்னைக்கு உங்க கதைய மறுபடி படிக்கிறேன்."

(என் கதைகளைப் புரட்டிப் பார்த்தேன். முப்பத்தேழு சாப்பாடு வருகிறது. முப்பத்தேழையும் பெண்கள்தான் சமைத்திருக்கிறார்கள்.)

3

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. செராமிக் தொழிற்பேட்டையில் டீ கப் செய்யும் சின்ன யூனிட்டில் தரம் பார்ப்பது என் வேலை. சூளையிலிருந்து வரும் கப்பை விரலால் தட்டி, சத்தத்தைக் கேட்டு, விரிசல் இருந்தால் ஒதுக்குவேன். அடுத்தவர் செய்ததில் குறை கண்டுபிடித்தே காலம் ஓட்டியவன்.

முதல் புதன்: அன்று காலை வாங்கிய ரொட்டி, தக்காளி, வெள்ளரி, தண்ணீர் விட்டு அரைத்த சட்னி. மாலை வந்ததும் டப்பாவைத் திறந்து காட்டினாள்.

"கூடவே ஒரு ஸ்பூனும் வச்சிருக்கலாம்."

இரண்டாவது புதன்: ஈரம்தானே எதிரி என்று ரொட்டியைக் கல்லில் போட்டு முறுக முறுகச் சுட்டேன்.

"இது வூட்டுல செஞ்சதா, உங்க கம்பெனி சூளையில வச்சதா?"

மூன்றாவது புதன்: உருளைக்கிழங்கு மசாலா. ஒரு பெரியவர் மனுவை நீட்டிய நேரத்தில் அது பிதுங்கித் தாளின் மேலேயே விழுந்துவிட்டது. மஞ்சள் கறை. அவளே வேறொரு தாளில் மனுவை முழுதும் எழுதிக் கொடுத்திருக்கிறாள். எழுதி முடிப்பதற்குள் நேரம் போய்விட்டது. அன்றும் பட்டினி. அன்று அவள் கிண்டல் எதுவும் செய்யவில்லை.

(அந்த மாலை எனக்கு வெட்கமாக இருந்தது. அதை இன்னும் நன்றாகச் சொல்லப் பார்த்தேன். வெட்கமாகத்தான் இருந்தது.)

4

இப்போது பெரியநாயகி வரவேண்டும். எங்கள் யூனிட்டில் கப்புக்கு மெழுகு வைப்பவள். அவளைக் கதைக்குள் விடுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன். நடுக்கதையில் ஒரு தொழிலாளி வந்து எழுத்தாளனுக்கு ஞானம் கொடுத்துவிட்டுப் போவது பழைய தந்திரம். ஆனால் அவள் வந்தாள். நான் என்ன செய்ய?

மூன்றாவது புதனுக்கு மறுநாள் மதியம், பழகிப் பார்ப்பதற்காகச் செய்த சாண்ட்விச் ஒன்றை நான் பிய்த்துப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தேன்.

"என்னா சார் இது, கொழகொழன்னு இருக்குது. வெண்ண தடவலீங்களா?"

"தடவினேனே. நடுவுல."

"நடுவுலயா? கப்பு அடியில நான் நடுவுல மட்டும் மெழுகு வச்சா நீங்க வுடுவீங்களா?"

பளபளப்பு வருவதற்காகக் கப்பை ஒரு கரைசலில் முக்குவார்கள். அதற்கு முன் அடிப்பாகத்தில் மெழுகு தடவ வேண்டும். மெழுகு இருக்கும் இடத்தில் கரைசல் ஒட்டாது. ஓரத்தில் நூலளவு விட்டுப்போனாலும் சூளைக்குள் அந்தக் கரைசல் உருகி, கப் அடியிலிருக்கும் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டிய கப்புகளைப் பதினெட்டு வருடமாக ஒதுக்கிவருபவன் நான். வீட்டில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவும்போது எனக்கு அது தோன்றவில்லை.

"ஓரம் வரைக்கும் தடவுங்க சார். ரெண்டு துண்டுலயும்," என்றாள். ஞானம் எதுவும் தரவில்லை. சாயந்திரம் ஒரு மணி நேரம் முன்னால் போகலாமா என்று கேட்டாள்.

(இங்கே களிமண்ணையும் தாம்பத்தியத்தையும் ஒப்பிட்டு ஒரு பத்தி இருந்தது. நன்றாகவே வந்திருந்தது. அதனால்தான் அடித்தேன்.)

5

அதன்பின் எனக்கு வெறி பிடித்துவிட்டது. தினமும் காலையில் ஒன்று செய்து, டப்பாவில் மூடி, அவள் சாப்பிட வேண்டிய நேரமான மதியம் ஒன்றரைக்குத்தான் திறந்தேன். இதைத் தட்டிப் பார்த்துத் தரம் சொல்ல முடியாது, கடித்துத்தான் பார்க்க வேண்டும்.

பேக்கரி வைத்திருக்கும் அப்துல் குத்தூஸ் பாய் புது ரொட்டி தர மறுத்துவிட்டார்.

"இது கத்தி பட்டாலே அமுங்கிடும் சார். நேத்து ரொட்டி இருக்குது, அத எடுத்துட்டுப் போங்க."

"பழசையா பாய்?"

"சாண்ட்விச்சுக்கு அதான் சரி. துபாய்ல ஒம்பது வருசம் இதத்தான் செஞ்சேன்."

தக்காளியை விலக்கினேன். வெள்ளரியை மெல்லிசாக அரிந்து, உப்பிட்டு, துணியில் கட்டிப் பிழிந்தேன். கொத்தமல்லியைப் பொட்டுக்கடலையோடு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் அரைத்தேன். புண்ணுக்காக மிளகாய் கிடையாது. நடுவில் உதிர்த்த பன்னீர். வெண்ணெய் ஓரம் வரை.* ரொட்டியை லேசாக மட்டும் சுட்டு, நன்றாக ஆறிய பிறகு மூடினேன். சூட்டோடு மூடினால் ஆவி உள்ளேயே தண்ணீராகிவிடுகிறது.

நேற்று மதியம் டப்பாவைத் திறந்தேன். ரொட்டி ரொட்டியாகவே இருந்தது.

* வெண்ணெயை அரை மணி நேரம் முன்பே பிரிட்ஜிலிருந்து எடுத்து வையுங்கள். இல்லையென்றால் ரொட்டி கிழியும். கதைக்கு இது தேவையில்லை, உங்களுக்குத் தேவைப்படலாம்.

6

நாளை புதன்கிழமை. முடிவு எழுத வேண்டும்.

ஒரு முடிவு: ஒன்றரைக்கு அவள் போன் செய்கிறாள். "ரொம்ப நல்லா இருக்குதுங்க," என்கிறாள். குரல் தழுதழுக்கிறது.

(ஒரு சாண்ட்விச் கட்டிக் கொடுத்ததற்கு நானே எனக்குப் போட்டுக்கொள்ளும் மாலை. அடித்தேன்.)

இன்னொரு முடிவு: கறைபட்ட மனுக்காரப் பெரியவர் மறுபடி வருகிறார். காலையிலிருந்து அவர் ஒன்றும் சாப்பிடவில்லை. சிவசங்கரி டப்பாவை மெல்ல அவர் பக்கம் நகர்த்துகிறாள். அவர் சாப்பிடுவதைப் பார்க்கப் பார்க்க அவள் வயிறு

இதை எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. பத்திரிகைக்காரர்களுக்கும் பிடிக்கும். முக்கால் பக்கம் ஓடிய பிறகுதான் பார்த்தேன்: மறுபடியும் அவளைப் பட்டினி போட்டிருக்கிறேன். அழகாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக, ஆறு வருடம் முன்பு செய்ததையே செய்திருக்கிறேன். டாக்டர் சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டவனும் நானேதான்.

தாள் கிழியும்படி அடித்தேன். பெரியவருக்குப் பசித்தால் அவருக்கும் ஒரு டப்பா கட்டுவேன். அவள் டப்பாவில் கை வைக்க இனி என் கதைக்கு உரிமை கிடையாது.

7

வாசகரே, இவ்வளவு தூரம் வந்ததற்கு நன்றி. இனி வருவது உங்களுக்கு எழுதியதல்ல.

சிவசங்கரி, நீ இதைப் படிக்கும் புதன்கிழமை உன் பையில் இரண்டு டப்பா இருக்கும். சின்னது, யாராவது பசியோடு வந்தால் கொடுக்க. பெரியது உனக்கு. அதை யாருக்கும் கொடுக்காதே. இந்தத் தாள்களை அதற்கு அடியில் மடித்து வைக்கிறேன். அதை எடுக்காமல் இவை கைக்கு வராது.

டப்பா காலியானால்தான் படிப்பேன் என்று சொன்னாய். நீ சொன்ன சொல் மாறமாட்டாய், தெரியும். ஒருவேளை அதில் இன்னும் மீதி இருந்தால், இந்த வரியோடு நிறுத்திவிட்டு முதலில் சாப்பிடு. கதை எங்கும் போகாது.

நன்றாக இல்லையென்றால் அப்படியே எழுது. அடுத்த புதன்கிழமையும் டப்பா என் பொறுப்புதான். கீழே கடைசி வரியைத் தொடங்கி, மீதியை நீ எழுத இடம் விட்டிருக்கிறேன். பேனா பையின் சின்ன ஜிப்பில் இருக்கிறது.

8

மதியம் ஒன்றரை மணிக்குச் சிவசங்கரி