கறுவலின் முண்ணாண்

போரின் கடைசி மாதத்தில் முதுகில் செல் குண்டின் துண்டு பட்டதிலிருந்து கனகலிங்கத்துக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. மனைவி அருந்ததி வயலுக்குப் போய்விட்டால் அவருடைய சக்கரக் கதிரையை விட்டு அசையாத நாய் கறுவல். ஒரு புதன்கிழமை வேலி பாய்ந்த கறுவல், பின்கால்களை இழுத்துக்கொண்டு அவரிடம் ஊர்ந்து வந்தது.

இனி அது எழும்பாது என்று அருந்ததி அழுதாள். கனகலிங்கம் வாடகைக்கு வான் ஒன்றைப் பிடித்து, ஸ்கந்தபுரத்திலிருந்து வவுனியாவுக்குக் கொண்டுபோனார்.

மிருக வைத்தியர் சுதாஜினி கறுவலின் பின்கால் விரலை இடுக்கியால் இறுக்கினார். நாய் திரும்பிப் பார்த்து முனகியது. நோவு தெரிகிறபடியால் நம்பிக்கை உண்டு என்றார். முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டு பிதுங்கி, முதுகெலும்புக்குள் ஓடும் நரம்பு நாணான முண்ணாணை நெரிக்கிறதாம். முதுகை நீளமாக வெட்டத் தேவையில்லை, சிறு துளையால் கமெராவை விட்டே பிதுங்கியதை எடுத்துவிடலாமாம். தானும் பார்க்கலாமா என்று கனகலிங்கம் கேட்டார்.

மறுநாள் காலை கண்ணாடிக்கு வெளியே அவரை இருத்தி, திரையை அவர் பக்கம் திருப்பிவிட்டார்கள்.

முதலில் சிவப்பு மட்டும் தெரிந்தது. பிறகு எலும்பு. பயறளவு முனையொன்று சுழன்று அதில் வாசல் திறந்தது. பிதுங்கிய தட்டின் தேங்காய்ப்பூப் போன்ற துணுக்குகளை ஒவ்வொன்றாக எடுக்க எடுக்க, நசுங்கிக் கிடந்த வெள்ளை நாண் மெல்ல நிமிர்ந்தது. நிமிர்ந்து, இதயத்தோடு சேர்ந்து துடித்தது. கனகலிங்கம் கதிரையைக் கண்ணாடியோடு நெருக்கினார். அழுகை வரும் என்று பயந்துதான் வந்திருந்தார். வரவில்லை. கைகள் தாமாகவே கும்பிட்டபடி கூடியிருந்தன.

சுதாஜினி வெளியே வந்ததும் கனகலிங்கம் திரையைக் காட்டினார்.

"இதுதானே டொக்டர் எனக்கு அறுந்தது?"

"ஓம் ஐயா. உங்களுக்குச் சின்னி விரலளவு தடிப்பு இருந்திருக்கும்."

"முப்பத்தொரு வருசம் என்னை நடத்திக்கொண்டு திரிஞ்சது இவ்வளவு சின்னனா?"

சுதாஜினி அவர் பக்கத்தில் வந்து நின்று, தானும் திரையைப் பார்த்தார்.

ஒன்பதாம் நாள் கறுவலின் வால் அசைந்தது. நான்காம் வாரம் முற்றத்தில் நான்கு காலில் நின்று, ஆறு அடி வைத்துச் சரிந்தது. அருந்ததி தூக்க ஓடினாள்.

"இஞ்சாரும், விடும். அது தானா எழும்பும்."

எழும்பியது.

அன்று பின்னேரம் கனகலிங்கம் தன் முதுகுத் தழும்பில் விரல் வைக்கச் சொன்னார். அருந்ததி வைத்தாள். உணர்வு உள்ள இடத்தில் பட்ட விரலின் மேல்பாதி மட்டும் அவருக்குத் தெரிந்தது. விரலை எடுக்காதையும் என்றார்.